வாயாடிக்கு இரண்டு பங்கு

இனிமேல் இந்தத் தொட்டியைத் தொடவே மாட்டேன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னவள், நாற்பத்திரண்டாவது நாள் காலை பதினொரு மணிக்கு ஸ்டூலின் மேல் ஏறி நின்று அதே தொட்டிக்குள் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் ஒரு கண் வாசல் கதவின் மேலேயே இருந்தது. திருட வந்தவளுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருக்காது. சொந்த வீட்டில், ஒன்பது வருஷமாகத் தான் வளர்க்கும் சிப்பிக்கு இப்படி ஒளிந்து ஒளிந்து ஊற்ற வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவள் திரைச்சீலை தைப்பவள். முன் அறையில் ஒரு பக்கம் தையல் மெஷின், எதிர்ப் பக்கம் சுவர் நீளத்துக்குக் கடல் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் பாறைகள், பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு குட்டி மீன்கள். நடுவில், விளக்குக்கு நேர் கீழே, அந்தச் சிப்பி. உள்ளங்கை அகலத்தில் வந்தது. இப்போது இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால்தான் அடங்கும். ஓட்டுக்கு வெளியே நீல வெல்வெட் துணி மாதிரி அதன் சதை மடல் வழிந்து கிடக்கும். அந்த நீலத்தில் ஒரு திரைச்சீலை தைத்துவிட வேண்டும் என்று ஒன்பது வருஷமாகக் கடை கடையாகத் துணி தேடுகிறாள், இன்றுவரை கிடைக்கவில்லை.

எந்நேரமும் வாயைத் திறந்தே வைத்திருப்பதால் அதற்கு 'வாயாடி' என்று பெயர் வைத்தவர் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவரோ பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். பேச வருகிற ஆள் வாயைத் திறப்பதில்லை, திறந்து வைத்திருக்கிற வாயாடிக்குப் பேச வராது என்று அவள் அவரைக் கிண்டல் செய்வாள். அதெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

வாயாடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கென்று கடையில் விற்கிற சுண்ணாம்புத் தூளில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுத்தத் தண்ணீரில் கலக்கி, தூள் அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரில் அரை லிட்டர், தினமும், மெதுவாக. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஊற்றினாள், மடல் எவ்வளவு விரிந்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். ஜன்னல் அளவு குறிக்கிற கை, சும்மா இருக்குமா?

எல்லாம் கெட்டது அவர் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். "ராத்திரி தங்கிட்டுப் போங்க அண்ணி" என்றாள் நாத்தனார். காலையில் வாயாடிக்குத் தண்ணீர் விட வேண்டும், தங்க முடியாது என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு, வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற இந்த மனுஷன், அந்த நாலில் ஒன்றை அப்போது செலவழித்தார். "விடு, அவளுக்கு அந்தச் சிப்பிதான் பிள்ளை. வேற என்ன இருக்கு அவளுக்கு?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரின் பிள்ளைகள்கூடச் சிரித்தன. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவி வைத்தாள்.

வாயாடி எந்த நாளில் வீட்டுக்கு வந்தது என்று இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இனிமேல் முயற்சி செய்வதில் பயனில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் வழியில் ஒரு வளர்ப்பு மீன் கடைக் கண்ணாடி முன்னால் அவள் நின்றுவிட்டாள். அழவில்லை. வெறுமனே அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாங்கிக்கலாமா?" என்று கேட்டவர் அவர்தான். அந்த வாய்தான் இப்போது இப்படிப் பேசியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவளுக்கு இப்படி நெஞ்சு வெடித்திருக்காது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "இன்னியிலேருந்து இந்தத் தொட்டியை நான் தொடமாட்டேன். செத்தா சாகட்டும்." நோட்டை எடுத்துப் பீரோ மேல் பழைய கம்பளிகளுக்கு அடியில் வீசினாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "சரி" என்றார்.

சரியாம்! பாவி மனுஷன்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே கட்டில். அவர் காற்றைப் பார்த்து, "சாவியை எங்கேயோ வச்சேன்" என்பார். அவள் தையல் மெஷினைப் பார்த்து, "ஆணியில தொங்குது" என்பாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டு வைக்கிற சத்தத்தை வைத்தே சாப்பாடு பிடித்ததா இல்லையா என்று அவள் தெரிந்துகொள்வாள்.

தொட்டியைத் தொடமாட்டேன் என்ற வீம்பு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் புறப்பட்டுப் போய்ப் புதிதாக ஒரு டப்பா சுண்ணாம்புத் தூள் வாங்கி வந்து, பட்டன் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருந்த பழைய டப்பாவைத் தொடவில்லை. தொட்டால் தூள் குறையும், குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் மானம் போய்விடும். தண்ணீரில் சத்து எவ்வளவு என்று பார்க்கிற சோதனைப் பெட்டியையும் அதே காரணத்துக்காகத் திறக்கவில்லை.

பழைய டப்பாவில் தூள் ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை என்பதை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டாள். குறையவில்லையே! இந்த மனுஷன் ஒரு நாளாவது திறந்து பார்த்தாரா? ஆவியாகிற தண்ணீருக்கு வாளி நிரப்பி வைப்பது ஆரம்பத்திலிருந்தே அவர் வேலை. அதை மட்டும் கடனே என்று செய்தார். மீன்களுக்குத் தீனி போட ஒரு சின்ன மெஷின் இருந்தது. கண்ணாடியில் பாசி படியாமல் இருந்ததை அவள் கவனித்தாள். நத்தைகளின் வேலை என்று நினைத்து நத்தைகளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். கட்டிய புருஷனைவிட நத்தை தேவலை என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு உள்ளூரப் பெருமை. வாயாடியின் மடல் விளிம்பில் குண்டூசித் தலை மாதிரி வரிசையாகக் கண்கள் உண்டு. மேலே நிழல் விழுந்தால் பட்டென்று ஓட்டை மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் அவள் குனிந்தாலும் மூடும். இப்போது சில வாரங்களாக அவள் நிழல் விழுந்தால் மூடுவதில்லை. என்னைத் தெரிந்துவிட்டது அதற்கு, இந்த வீட்டில் அதற்காவது என்னைத் தெரிந்ததே என்று ஒரு மதியம் துணியை மெஷினில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

அந்த நாற்பத்திரண்டாவது நாள்தான் ஸ்டூலில் நின்றபோது கண்ணில் பட்டது. மடல் வழக்கமான அளவுக்கு விரியவில்லை. ஒரு ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு, சுருங்கிய துணி மாதிரி இருந்தது. தொட்டித் தண்ணீருக்குச் சூடு தருகிற ஹீட்டர் மேல் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை, சிப்பி பெரிதாகிவிட்டது, அரை லிட்டர் எப்படிப் போதும் என்று நினைத்தாள். மறுநாள் முக்கால் லிட்டர் ஆக்கினாள்.

அடுத்த வாரம் முழுக்க அது தேய்ந்தது. நீலம் மங்கி, மடல் ஓட்டுக்குள் போய், நடுவில் இருக்கும் வாய் மட்டும் ஆவென்று பிளந்து நின்றது. அப்படிப் பிளந்து நிற்பது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். ஐம்பத்திரண்டாவது நாள் காலையில் கை மெஷினில் ஓடவில்லை. யாருக்கோ வேண்டிய பச்சைத் திரையில் இரண்டு தடவை கோணலாகத் தைத்துப் பிரித்தாள். இனி மானமாவது மண்ணாவது என்று ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மீன் கடைக்காரரை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மீனுக்கு மருந்து சொல்லிச் சொல்லி வந்த பட்டம். மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கீழே இறக்கி, சின்னக் குழாயில் அவள் கொண்டுவந்த தண்ணீரை எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எட்டு, ஒன்பது சொட்டில் நீலம் மஞ்சளாக மாற வேண்டும். ஒன்பது ஆனது. பன்னிரண்டு ஆனது. பதினாறாவது சொட்டில்தான் மஞ்சளானது.

"என்னக்கா இது? சுண்ணாம்புக் காளவாய்ல போட்டு வச்சிருக்கீங்களா?" என்றார்.

"போதலைன்னு நினைச்சேன்..."

"போதலையா? ரெண்டு பங்கு போகுது. ரெண்டு பங்கு என்ன, அதுக்கு மேலயே. அதான் மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்கு. நிழலுக்கு மூடுதா?"

"மூடாது. என் நிழல் அதுக்கு நல்லாத் தெரியும்" என்றாள். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

டாக்டர் குழாயைக் கழுவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தெரியாதுக்கா. அதுக்கு யாரையும் தெரியாது. நிழல் விழுந்தும் மூடலைன்னா, மூடத் தெம்பில்லைன்னு அர்த்தம்."

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த மதியம் அழுத அழுகையெல்லாம் நினைவுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆனா நான் அரை லிட்டர்தானே ஊத்தினேன். இந்த ஒன்பது நாளாத்தான் முக்கால்."

"நீங்க அரை லிட்டர். அண்ணன் ஊத்துறது?"

"எந்த அண்ணன்?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட முகம். "உங்க வீட்டுக்காரர்தான். மாசம் ஒரு டப்பா வாங்கிட்டுப் போறாரே. வண்டிப் பெட்டிக்குள்ள வச்சு மூடிக்கிட்டு, வீட்டுல சொல்லிடாதீங்கன்னாரு. நீங்களும் வந்து சொல்லிடாதீங்கன்னு சொன்னீங்க. ஒருத்தருக்கொருத்தர் ஏதோ விளையாட்டுன்னு நான் நினைச்சேன்!"

நல்ல விளையாட்டு! அவள் அங்கிருந்த மீன் தீனி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கொஞ்சம் தெளிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, டாக்டர் செய்ய வேண்டியதைச் சொன்னார். சுண்ணாம்புத் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டும். நாலு நாளுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். இடத்தை மாற்றக் கூடாது, தூக்கிப் பார்க்கக் கூடாது. "அவ்வளவுதான். மத்தபடி ஒண்ணும் பண்ணாம இருங்க. பொழைக்குமான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பீரோவுக்குப் போனாள். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கம்பளிகளைத் தூக்கினாள். நோட்டு அங்கேயே இருந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு நாள் பீரோ மேல் கிடந்த நோட்டில் தூசி இருக்க வேண்டாமா? இல்லை.

அவள் கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அவர் கையெழுத்து ஓடியது. லிஃப்ட் சரிபார்த்துவிட்டு எழுதுகிற அதே பாணியில், நாள், நேரம், செய்த வேலை.

'காலை 5.10. சுண்ணாம்புத் தண்ணீர் அரை லிட்டர், நோட்டில் உள்ளபடி. கண்ணாடி துடைத்தேன். முந்தாநாள் தங்கை வீட்டில் நான் சொன்னது தப்பு. சிரிப்புக்குச் சொன்னேன். எல்லாரும் சிரிக்கும்போதே தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளை மறந்துவிட்டு நான் எப்படி அப்படிச் சொன்னேன்? அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தொட்டியையாவது நிற்காமல் ஓட வைக்கிறேன்.'

அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

'காலை 5.05. அரை லிட்டர். அவள் தூக்கத்தில் ஏதோ சொன்னாள். என் பெயர் இல்லை.'

'காலை 5.10. அரை லிட்டர். என் நிழலுக்கு மூடவில்லை. என்னோடு பழகிவிட்டது. சந்தோஷம்.'

'காலை 5.00. சுருங்குகிறது. அவளுக்குத்தான் தெரியும் என்ன செய்வதென்று. கேட்டால் பேசுவாளா? ஒரு லிட்டராக்கினேன்.'

'காலை 4.50. தப்பாக ஏதோ செய்கிறேன். என்ன என்று தெரியவில்லை. இது போய்விட்டால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?'

அவள் அந்தப் பக்கத்தை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினாள். அவர் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தன் மேலும் அதே அளவு கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவரும் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பாசத்தை ஊற்றி ஊற்றியே அந்த வாயில்லா ஜீவனைச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர் வந்தார். கையில் கருவிப் பை, சட்டையில் கிரீஸ். தொட்டி முன்னால் அவள் நோட்டோடு நிற்பதைப் பார்த்ததும் செருப்பு ஒரு காலில் இருக்க, இன்னொன்று கழற்றியபடி அப்படியே நின்றார்.

"எத்தனை மணிக்கு ஊத்துறீங்க?" என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு நாளில் அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அஞ்சு... அஞ்சு பத்துக்கு."

"நான் பதினோரு மணிக்கு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் பை கையிலிருந்து கீழே விழுந்தது. "அய்யோ" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப நாமதானா?"

"நாமதான்."

டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நிழல் விஷயத்தையும் சொன்னாள். அவர் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார். ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பது, கை பரபரக்கிறதே என்று அவள் சொன்னபோது, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணா நான் சொல்றதுதான்" என்றார். "எதையும் அழுத்தாதீங்க, நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுவேன்."

"நானும்தான் அம்பத்திரண்டு நாளா மாட்டிக்கிட்டுக் கெடந்தேன். வந்தீங்களா?"

அவர் தலை குனிந்தது. "வந்தேன். தினமும் வந்தேன். கதவைத் தட்டத்தான் தெரியலை." கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "நான் சொன்னது தப்பு. எழுதினா போதாது, இல்ல?"

"போதாது. எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க?" என்றாள்.

அவர் போனை எடுத்தார். தங்கையைக் கூப்பிட்டார். மனைவிக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். "அன்னிக்குச் சாப்பிடும்போது உங்க அண்ணியைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன்ல? அது தப்பு. அது சிரிக்கிற விஷயமில்லை. பசங்ககிட்டயும் சொல்லிடு."

"அட, அதையா? நாங்க அப்பவே மறந்துட்டோம்ணா."

"அவ மறக்கலை. நானும் மறக்கலை" என்றார். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனுஷன் அன்று ஒரே மூச்சில் அடுத்த வருஷக் கணக்கையும் சேர்த்துப் பேசிவிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரைத் துணியில் கண்ணைத் துடைத்தாள். யாருக்கோ தைத்த துணி, மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஒளித்து வைத்த இரண்டு டப்பாக்களும் பழைய டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. நாலு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினார்கள்; அவர் வாளி தூக்க, அவள் அளவு பார்த்தாள். நோட்டில் அவர் எழுதினால் அவள் திருத்துவாள். "மடல் பரவாயில்லைன்னா என்ன அளவு? எத்தனை விரல்னு எழுதுங்க." அவர் விரலை வைத்து அளந்து எழுதுவார். சில நாள் எழுத ஒன்றும் இருக்காது. பத்தாம் நாள் மடல் இன்னும் உள்ளே போனது. அன்று இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. "நாம கொன்னுட்டோமா?" என்று அவள் கேட்டாள். தெரியாது என்று அவர் உண்மையைச் சொன்னார். சமாதானம் சொல்லியிருந்தால்தான் அவளுக்குக் கோபம் வந்திருக்கும்.

நிழல் சோதனையை மட்டும் அவள் தினமும் செய்தாள். தொட்டி மேல் குனிவாள். அசையாது. "இன்னிக்கும் மூடலை" என்பாள். ஒரு காலத்தில் எதை நினைத்து மகிழ்ந்தாளோ அதையே இப்போது பயந்து பயந்து பார்க்க வேண்டியிருந்தது.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் ஹீட்டர் மேல் படிந்த வெள்ளையைச் சுரண்ட வேண்டும் என்று ஸ்டூலில் ஏறினார். பார்த்துச் சுரண்டுங்கள், துகள் வாயாடி மேல் விழப்போகிறது என்று சொல்லிக்கொண்டே அவளும் பக்கத்தில் நாற்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். இரண்டு தலையும் சேர்ந்து விளக்கை மறைத்தன.

பட்டென்று ஒரு சத்தம். வாயாடி ஓட்டை அறைந்து மூடியது. மூடிய வேகத்தில் பீய்ச்சிய தண்ணீர் அவர் முகத்தில் நேராக வந்து அடித்தது.

"மூடிக்கிச்சு!" என்று அவள் கத்தினாள். "ஏங்க, மூடிக்கிச்சுங்க!" நாற்காலி ஆடியது, அவர் உப்புத் தண்ணீர் வழிகிற முகத்தோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்கள். வெளிச்சம் மறுபடி விழுந்தது. ஓடு ஒரு நூல் அளவு திறந்தது. பிறகு ஒரு விரல். அப்புறம் அந்த நீலம், விளிம்பில் மட்டும், மெல்ல எட்டிப் பார்த்தது.

ஆசை தாங்காமல் அவள் மறுபடி தலையை நீட்டினாள். பட்டென்று மூடிக்கொண்டது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீரா வேறு ஏதாவதா என்று அவள் கேட்கவில்லை. "இத்தனை செஞ்சும் நம்ம ரெண்டு பேரையும் அதுக்குப் பிடிக்கலை பாரு" என்றார்.

"பிடிக்க வேணாங்க" என்றாள் அவள். "நல்லா இருந்தாப் போதும்."